என்னிடம் பத்திரமாகத்தான் இருக்கின்றன

கேள்வி:

எனக்கு வயது 31. நான்கு வருடங்கள் ஒரு பெண்ணைக் காதலித்தேன். இருவருக்கும் வேலை வேறு வேறு ஊர்களில் என்பதால் பெரும்பாலும் போனிலேயே போனது எங்கள் காலம். அப்போது தன்னுடைய அந்தரங்கப் படங்களையும் இரண்டு மூன்று வீடியோக்களையும் எனக்கு அனுப்பியிருக்கிறாள். பெரும்பாலும் அவளாக அனுப்பியவை. சிலவற்றை நான் கேட்டு வாங்கினேன். இரண்டு வருடங்களுக்கு முன் பிரிந்துவிட்டோம். சண்டையும் இல்லை, வன்மமும் இல்லை. பிரியும்போது எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். சரி என்றேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை.

போன மாதம் திடீரென்று மெசேஜ் அனுப்பினாள்: "அந்தப் படத்தையெல்லாம் டெலிட் பண்ணிட்டேல்ல?" "எப்பவோ பண்ணிட்டேன்" என்று பதில் போட்டேன். "தேங்க்ஸ். இப்பதான் நிம்மதி" என்றாள். அந்தத் தேங்க்ஸ்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை. பிரிந்த புதிதில் ஒரே ஒரு முறை, குடித்திருந்தபோது, நெருங்கிய நண்பன் ஒருவனிடம் காட்டினேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மற்றபடி பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. மிரட்டுவது, பரப்புவது எல்லாம் என் புத்தியிலேயே கிடையாது. அவளாக விரும்பிக் கொடுத்தது எனக்குச் சொந்தமில்லையா? யாருக்கும் தெரியாமல் நான் வைத்துக்கொள்வதில் அவளுக்கு என்ன நஷ்டம்? சில மாதங்களில் எனக்குத் திருமணம். வரப்போகிறவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

இந்த விஷயத்தில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் படம் அனுப்பியவர்கள் எழுதுபவை. பயந்துபோய், தூக்கம் கெட்டு எழுதுவார்கள். படத்தை வைத்திருப்பவர் எழுதுவது அபூர்வம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அழித்துவிடுங்கள். அழித்த பிறகு அந்தப் பெண்ணிடம் உண்மையையும் சொல்லுங்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த நண்பர்.

"யாருக்கும் அனுப்பியதில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "காட்டினேன்" என்கிறீர்கள். உங்கள் மனதில் இவை இரண்டும் வெவ்வேறு கணக்கு. அனுப்பினால் குற்றம், காட்டினால் சறுக்கல். அந்தப் பெண் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஒரே ஒருவர் பார்ப்பார் என்று நினைத்து அனுப்பிய படத்தை, தனக்கு முகம்கூடத் தெரியாத ஒருவர் பார்த்திருக்கிறார். அந்த ஆளும் அப்போது குடித்திருந்திருக்கலாம், என்ன சொன்னார், சிரித்தாரா என்பதுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சட்டமும் பல இடங்களில் இந்த வித்தியாசத்தை ஏற்பதில்லை. பிரிட்டனில் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் 'பகிர்வது' குற்றம் என்று சொல்லும் சட்டம், இன்னொருவருக்குக் காட்டுவதையும் பகிர்வது என்றே வரையறுக்கிறது.

இன்றைக்கே அந்த நண்பரைக் கூப்பிடுங்கள். அன்று போன் உங்கள் கையில் இருந்ததா, அவர் கைக்குப் போனதா? நடுவில் நீங்கள் எழுந்து போனீர்களா? "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்பது அவருடைய குணத்துக்கு நீங்கள் தரும் சான்றிதழ். அது நடந்ததற்குச் சாட்சி ஆகாது, அதுவும் நீங்கள் குடித்திருந்த ஒரு இரவுக்கு. நேரடியாகவே கேளுங்கள்: "அன்னிக்கு நான் காட்டினதுல ஏதாவது உன் போன்ல இருக்கா? உனக்கு ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டியா, உன் கேமராவுல எடுத்தியா?" அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும். அந்தத் தேதியில் அவருக்கு உங்கள் போனிலிருந்து ஏதாவது போயிருக்கிறதா என்று உங்கள் சாட்டிலும் பாருங்கள்.

இந்த வேலையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நண்பரிடம் ஒரு பிரதி இருப்பதாகத் தெரிந்தால், அல்லது அவர் மழுப்பினால், நீங்கள் அழிக்கும் முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு இலவச இணையச் சேவை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கியது. படத்தில் இருப்பவர் தன்னுடைய கருவியிலேயே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து 'ஹேஷ்' எனப்படும் ஒரு எண் அடையாளம், கைரேகை மாதிரி, உருவாகும். அந்த அடையாளம் மட்டுமே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற தளங்களுக்குப் போகும். படம் அவர் கருவியை விட்டு வெளியே போகாது. அதே படத்தை யாராவது அந்தத் தளங்களில் ஏற்றினால் அடையாளம் காணப்பட்டு மாட்டிக்கொள்ளும். ஆனால் ஹேஷ் எடுக்க அசல் படம் வேண்டுமே. அந்தப் பெண் தன்னிடம் இருந்ததை எப்போதோ அழித்திருப்பார். கசிவு ஏற்பட்டிருந்தால், உங்களிடம் இருப்பது ஒருவேளை அவருக்குத் தேவைப்படலாம். தேவையா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும். இதையே சாக்காக வைத்து இன்னும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டாம். கசிவு இல்லை என்று உறுதியானால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, நேராக அழித்துவிடுங்கள்.

இனி, சொந்தமா இல்லையா என்ற உங்கள் கேள்வி. கிட்டத்தட்ட இதே கேள்வி ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே ஒரு ஆண், தொழிலால் புகைப்படக்காரர். தன் காதலியைப் பல அந்தரங்கப் படங்கள் எடுத்திருந்தார். சிலவற்றை அந்தப் பெண்ணே எடுத்து அவரிடம் கொடுத்திருந்தார். எல்லாமே சம்மதத்தோடுதான். பிரிந்த பிறகு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார் அந்தப் பெண். அழிக்க வேண்டும் என்றே 2015 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவர் பரப்பினார் என்பதற்காக வந்த தீர்ப்பில்லை இது. வைத்திருப்பதையே நீதிமன்றம் எடைபோட்டது. இப்படிப்பட்ட படங்களைக் கையில் வைத்திருப்பவருக்குப் படத்தில் இருப்பவர் மேல் ஒருவித ஆதிக்கம் கிடைத்துவிடுகிறது, அவர் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் சரி என்றது. அந்தப் பெண் கொடுத்த சம்மதம் உறவு இருக்கும் வரைக்குமானது என்றும் சொன்னது. ஆடை உடுத்தி, சாதாரணமாக நின்று எடுத்த படங்களை வைத்துக்கொள்ள அவருக்குத் தடையில்லை. அழிக்கச் சொன்னது அந்தரங்கமானவற்றை மட்டும்தான். எனக்கு நியாயமாகப் படுகிற பிரிப்பு அது. நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள் உங்கள் நினைவுகளும்தான், அவற்றை யாரும் கேட்கவில்லை.

சம்மதத்துக்கு எல்லை உண்டு என்பதை அந்த ஒரு நீதிமன்றம் மட்டும் சொல்லவில்லை. படம் எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது என்று பிலிப்பைன்ஸ் 2010-இலேயே சட்டம் போட்டுவிட்டது. இந்தியாவில் 2013-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் இருக்கும் விளக்கமும் அதையேதான் சொல்கிறது. ஒரு பெண் படமெடுக்க ஒப்புக்கொண்டு, மூன்றாமவருக்குப் பரப்ப ஒப்புக்கொள்ளாதபோது பரப்பினால் குற்றம். மருத்துவரிடம் உடம்பைக் காட்டுகிறோம். அதற்காக அவர் அதைப் படமெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்வதில்லை. எதற்காகக் காட்டினோமோ அதோடு அந்த அனுமதி முடிந்துபோகிறது. உங்கள் விஷயத்தில் இவ்வளவு யோசிக்கக்கூடத் தேவையில்லை. அனுமதி முடிந்துவிட்டது என்று அவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

இன்னொரு வார்த்தையையும் நான் பார்த்தேன். "சிலவற்றை நான் கேட்டு வாங்கினேன்." எப்படிக் கேட்டீர்கள்? ஒரு முறை கேட்டு, அவர் சிரித்துக்கொண்டே அனுப்பினாரா? இல்லை, "இன்னிக்கு வேண்டாமே" என்றதும் நீங்கள் முகம் வாடி, பேச்சைக் குறைத்து, "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று கேட்டு, கடைசியில் சண்டை வேண்டாமே என்று அவர் அனுப்பினாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நம்பிக்கையைக் கொக்கியாகப் போட்டு வாங்கிய சரி, சரியே கிடையாது. வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலையில் வருவதுதான் சரி. இதைப் பழைய கணக்கைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. சில மாதங்களில் இன்னொரு பெண்ணோடு வாழப்போகிறீர்கள், அங்கேயும் நீங்கள் கேட்கக்கூடும். ஒரு முறை கேட்கலாம். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும், மறுநாள் உங்கள் முகத்திலும் அது தெரியக் கூடாது. கல்யாணம் ஆகிவிட்டதால் கேள்வியே வேண்டாம் என்றும் ஆகிவிடாது.

"அவளுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறீர்கள். பிரிந்து இரண்டு வருடம் கழித்து, பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்கிறார் என்றால், அந்த இரண்டு வருடமும் அது அவர் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. புது வேலையோ, புது உறவோ, எங்கேயோ படித்த செய்தியோ, ஏதோ ஒன்று அதைக் கிளப்பியிருக்கும். உங்களுக்கு அந்த மெசேஜ் எழுத அவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்று யோசித்தீர்களா? அதிகம் கடுமையாகவும் கேட்டுவிடக் கூடாது, கோபித்துக்கொண்டு ஏதாவது செய்துவிட்டால்? அதனால்தான் அந்த "டேல்ல" என்ற இழுவை. நீங்கள் மிரட்டவே வேண்டாம். உங்களிடம் இருக்கிறது என்ற ஒன்றே அவரை உங்களிடம் பணிவாகப் பேச வைத்திருக்கிறது.

பத்திரம் என்ற வார்த்தையையும் அவ்வளவு நம்ப வேண்டாம். 2014-இல் பிரபலங்கள் பலரின் அந்தரங்கப் படங்கள் கூட்டமாக வெளியானபோது, பெரிய கணினி வித்தை ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பேசினார்கள். வழக்குகளில் தெரியவந்த விதம் எளிமையானது. மின்னஞ்சல் நிறுவனத்திடமிருந்து வந்ததுபோலப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை அனுப்பி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர்கள் கையாலேயே தட்டச்சு செய்ய வைத்திருக்கிறார்கள். படங்கள் கிளவுட் பேக்கப்பில் இருந்தன. உங்கள் போன் தொலையலாம், பழுதுபார்க்கப் போகலாம், வேறு யார் கைக்காவது போகலாம். உங்கள் நல்ல எண்ணம் உங்களோடு மட்டும்தான் இருக்கிறது, ஃபைலோடு அது சேர்ந்து போகாது.

அழிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "டெலிட் பண்ணிட்டேன்" என்று சொல்பவர்களில் பலர் பாதியைத்தான் அழித்திருப்பார்கள். முதலில், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காதீர்கள். கடைசியாக ஒரு தடவை என்று மனசு கேட்கும், கொடுக்காதீர்கள். ஃபோல்டரோடு தேர்ந்தெடுத்து அழியுங்கள். அதன் பிறகு குப்பைத் தொட்டிக்குப் போங்கள். ஐபோனில் 'சமீபத்தில் அழித்தவை' என்ற பகுதியில் 30 நாட்கள் வரை அப்படியே கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் ட்ராஷில் 60 நாட்கள் இருக்கும். அங்கேயும் போய் நிரந்தரமாக நீக்க வேண்டும். உங்கள் பாஸ்வேர்டு ஃபோல்டர் தனி ஆப் என்றால், அந்த ஆப்புக்குச் சொந்தமாக ஒரு கிளவுட் இருக்கிறதா என்று அதன் செட்டிங்ஸில் பாருங்கள். பலரும் கோட்டை விடும் இடம் அதுதான்.

வாட்ஸ்அப்பில் வந்தவை என்றால், சாட்டில் ஒன்று, போனின் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரில் ஒன்று, கேலரி பேக்கப்பில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கலாம். வாட்ஸ்அப்பின் பேக்கப் தனி. சாட்டில் அழித்த பிறகு புதிதாக ஒரு பேக்கப் எடுத்தால் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். மடிக்கணினி, பழைய போன், மெமரி கார்டு, பென் டிரைவ், எப்போதோ உங்களுக்கே அனுப்பிக்கொண்ட மெயில், வாட்ஸ்அப்பை கணினியில் திறந்தபோது டவுன்லோட்ஸில் விழுந்தவை, எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். பழைய போனை யாருக்காவது கொடுத்திருந்தால், கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், போகட்டும்.

ஒரு இடைச்செருகல், உங்கள் கடிதத்துக்காக இல்லை, இதைப் படிக்கும் இளையவர்களுக்காக. படத்தில் இருப்பவர் எடுக்கப்பட்ட நேரத்தில் 18 வயதுக்குக் கீழே என்றால் மேலே சொன்ன எதுவும் போதாது. அத்தகைய படத்தை வைத்திருப்பதே பெரும்பாலான நாடுகளில் கடுமையான குற்றம், இருவரும் ஒரே வயதாக இருந்தாலும்கூட. ஆலோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் அதை அனுப்பாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் வாய்வார்த்தையாகப் பேசுங்கள். படத்தில் இருக்கும் சிறுவர் சிறுமியருக்கு 'டேக் இட் டவுன்' என்ற, ஸ்டாப் என்சிஐஐ போன்றே இயங்கும் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் அதை நடத்துகிறது.

அழித்தாயிற்று. இப்போது சொல்ல வேண்டியது. இந்த இடத்தில் என் துறையிலேயே இரண்டு கருத்து உண்டு. நிம்மதியாக இருக்கும் ஒருவரை எதற்குக் கலைக்க வேண்டும், அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதாதா என்று சிலர் சொல்வார்கள். அவர் உங்களிடம் கேட்டிருக்காவிட்டால் நானும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டார். போன மாதம்தான் கேட்டார், நீங்கள் பொய் சொன்னீர்கள், அந்தப் பொய்யின் மேல் அவர் இப்போது உட்கார்ந்திருக்கிறார். தவிர, உங்கள் நண்பர் பார்த்திருக்கிறார் என்பது அவருடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல். நாளைக்கு எங்காவது ஏதாவது வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் சொல்லுங்கள், போன் செய்யாதீர்கள். திடீரென்று உங்கள் குரலைக் கேட்டு, அந்த நொடியிலேயே உங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வரக் கூடாது. இப்படி எழுதலாம்:

"போன மாதம் நீ கேட்டபோது அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அப்போது அழித்திருக்கவில்லை. இப்போது போன், கிளவுட், பேக்கப், பழைய கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் அழித்துவிட்டேன். இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிரிந்த புதிதில் ஒரு முறை என் நண்பன் ஒருவனிடம் காட்டியிருக்கிறேன். அவனிடம் பிரதி எதுவும் இல்லை என்று கேட்டு, என் போனிலும் பார்த்துவிட்டேன். நீ என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். பதில் எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை."

இவ்வளவுதான். ஏன் வைத்திருந்தீர்கள், எவ்வளவு நேசித்தீர்கள், எத்தனை நாள் தூங்கவில்லை, எதுவும் வேண்டாம். "என்னை மன்னிப்பாயா" என்று கேட்காதீர்கள், அது அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது. நண்பர் விஷயத்தில் உறுதி கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதாதீர்கள். கேட்டதற்கு அவர் என்ன சொன்னாரோ அதையே எழுதுங்கள். அந்தப் பெண் கோபப்படலாம், திட்டலாம், பிளாக் செய்யலாம், ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம். நண்பரின் பெயரைக் கேட்டால் சொல்லுங்கள். புகார் கொடுக்கப்போகிறேன் என்றால், வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள், அவருடைய உரிமை அது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தில் உங்கள் நிலைமை என்ன என்று அஞ்சினால், மெசேஜ் அனுப்பும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் நாட்களைக் கடத்த அதைச் சாக்காக்க வேண்டாம்.

திருமணம் செய்துகொள்ளப்போகிறவரிடம்? உங்களுக்கு ஒரு காதல் இருந்தது என்பது உங்கள் கதை. சொல்லுவது உங்கள் விருப்பம், சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். படங்கள் இருந்தன என்பது உங்கள் கதை மட்டும் இல்லை, அந்தப் பெண்ணுடையதும்கூட. பெயரோடு, அடையாளத்தோடு அதைச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. "ஒருவரின் நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை, இப்போது சரிசெய்துவிட்டேன்" என்கிற அளவில் சொல்லலாம், வருங்காலத் துணை கேட்டால். ஆனால் அதைப் பற்றி யோசிக்க உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. நண்பரிடம் பேசுவதற்கு அவ்வளவு நாள் இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.